மூடியில் இருப்பது எந்த ஊர் 91?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஷார்ஜாவில் இருக்கும் தம்பி ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்த 2016 ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் வாங்கியிருக்கிறார். 5.0 லிட்டர், சூப்பர்சார்ஜர் வைத்த வி8. பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் 'பிரீமியம் மட்டும், குறைந்தது 91' என்று ஒட்டியிருக்கிறது. பங்க்கில் ஈ-பிளஸ் 91 கிடைக்கிறது, விலையும் குறைவு. எண்ணும் பொருந்துகிறதே என்று மூன்று மாதமாக அதையே போட்டு வருகிறார். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் "98 போடுடா, வண்டி பறக்கும்" என்கிறார். இன்னொருவர் "எல்லாம் ஒரே பெட்ரோல், சாயம்தான் வேற" என்கிறார். வாரக் கடைசியில் அல் பதாயர் பாலைவன மணலுக்கும் வண்டியைக் கொண்டுபோகிறார். எதைப் போடுவது?

அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டிருப்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஈ-பிளஸை இன்றோடு நிறுத்துங்கள். தினசரி ஓட்டத்துக்கு ஸ்பெஷல் 95. மணலுக்குப் போகும் நாளில் சூப்பர் 98. உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் தவறு. ஆனால் நீங்கள் செய்திருப்பது அவர்கள் இருவரையும் விடப் பெரிய தவறு. அது உங்கள் குற்றம் இல்லை. அந்த ஸ்டிக்கர் எல்லாரையும் ஏமாற்றும்.

அந்த 91 அமெரிக்கக் கணக்கு. நம் பம்பில் எழுதியிருக்கும் 91 வேறு கணக்கு. பெட்ரோலின் ஆக்டேனை, அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் குணத்தை, அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டுமே ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜினில் நடப்பவை. முதலாவது ரிசர்ச் முறை: இன்ஜின் 600 சுற்றில் நிதானமாக ஓடும், உள்ளே போகும் காற்று 52 டிகிரி. இதில் வரும் எண்ணைத்தான் ஆர்.ஓ.என். என்பார்கள். இரண்டாவது மோட்டார் முறை: 900 சுற்று, உள்ளே போகும் கலவையையே 149 டிகிரிக்குச் சூடாக்கி விடுவார்கள். சோதனை கடுமையானது என்பதால் அதே பெட்ரோல் இதில் எட்டு, பத்து எண் குறைவாக மதிப்பெண் வாங்கும். எமிரேட்ஸ், ஓமன், சவூதி, ஐரோப்பா, நம் இந்தியா எல்லாம் பம்பில் முதல் எண்ணைப் போடுகின்றன. அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள். அங்கே பம்பில் மஞ்சள் ஸ்டிக்கரில் 'ஆர் கூட்டல் எம், வகுத்தல் 2' என்ற சூத்திரமே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.

ஆக, அமெரிக்க 91 நம் பம்பில் ஏறத்தாழ 95, 96. அமெரிக்க 93 இங்கே 98-க்குப் பக்கம். இங்கே விற்கும் ஈ-பிளஸ் 91 அமெரிக்காவில் போனால் என்ன எண் வாங்கும் தெரியுமா? 87. அங்கே சாதாரண சின்னக் கார்களுக்குப் போடும் 'ரெகுலர்' பெட்ரோல். 'பிரீமியம் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் கேட்கும் 510 குதிரைத்திறன் வண்டிக்கு மூன்று மாதமாக ரெகுலர் ஊற்றியிருக்கிறீர்கள். ஸ்பீடோமீட்டரில் 60 என்று காட்டும்போது அது மைல் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் அதைக் கிலோமீட்டர் என்று நினைத்து ஓட்டுவதில்லை. மூடியில் இருக்கும் 91-உம் அதே மாதிரி வேற்று ஊர் அளவுதான். ஆனால் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. முல்கியா, அதாவது வண்டிப் பதிவு அட்டை, மாற்றித் தரும் அவசரத்தில் விற்றவருக்கே தெரிந்திருக்காது.

ஜிசிசி ஸ்பெக் வண்டிகளில், அதாவது வளைகுடா நாடுகளுக்கென்றே தயாரித்தவற்றில், இந்தக் குழப்பம் இல்லை. அவற்றின் மூடியில் எழுதியிருப்பது நம் பம்பின் கணக்கேதான். அமெரிக்க இறக்குமதி வாங்கியவர்கள் மட்டும் இதை மனதில் வைத்தால் போதும்.

சரி, இந்த எண் எதைச் சொல்கிறது? பெட்ரோலின் பலத்தை இல்லை, பொறுமையை. சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் ஒரு மூலையைப் பற்றவைக்கிறது. தீ அங்கிருந்து சீராகப் பரவி மறுமுனைக்குப் போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள், அழுத்தத்திலும் சூட்டிலும் மறுமுனையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். பிஸ்டனைச் சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு அடி. நிமிடத்தில் சில ஆயிரம் சுற்று ஓடும் இன்ஜினில் அது எத்தனை அடி ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தன் முறை வரும்வரை வெடிக்காமல் காத்திருக்கும் குணத்தைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது. ஐசோ-ஆக்டேன் என்ற பொருளுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இரண்டையும் கலந்து ஒப்பிட்டு எடுத்த அளவுகோல் இது.

அதனால்தான் '98 போட்டால் பறக்கும்' என்பதும் சரியில்லை. 98-இல் கூடுதல் சக்தி ஒளிந்திருக்கவில்லை. 91-க்கென்று வடிவமைத்த இன்ஜினுக்கு 98 ஊற்றினால் பங்க்காரருக்கு லாபம், அவ்வளவுதான். அழுத்தம் அதிகமான இன்ஜினுக்குத்தான் அந்தப் பொறுமை தேவைப்படுகிறது. உங்கள் வண்டியில் சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளுகிறது, அதற்கு மேல் பிஸ்டனும் அமுக்குகிறது. 'சாயம்தான் வேற' என்ற நண்பருக்கு இதுதான் பதில்.

"மூன்று மாதமாக எந்தச் சத்தமும் வரவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். வராது. இந்த வண்டியின் கேபின் அடைப்பு அப்படி. ஏசியும் பாட்டும் ஓடினால் பக்கத்து லேனில் ஆம்புலன்ஸ் வந்தாலே கேட்பது கஷ்டம். இன்னொரு காரணம், இன்ஜினின் உடம்பில் நாக் சென்சார் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. முதல் அடி விழுந்ததுமே ஈசியூ, அதாவது இன்ஜினை இயக்கும் கணினி, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திவிடும். இன்ஜின் தப்பிக்கும், ஆனால் சும்மா தப்பிக்காது. ஸ்பார்க் தாமதமானால் பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு சைலன்சர் பக்கமாக ஓடும். எக்ஸாஸ்ட் சூடாகும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குச் சுமை ஏறும், இழுவை குறையும். இழுவை குறைந்ததும் நீங்கள் அறியாமலே ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிப்பீர்கள், பெட்ரோல் இன்னும் போகும். மைலேஜ் மோசமாக இருக்கிறது என்று கேள்வியின் கடைசி வரியில் நீங்களே புலம்பியிருக்கிறீர்கள். இந்த வண்டி என்றைக்குமே மைலேஜுக்குப் பேர் போனது இல்லைதான், ஆனாலும் கொஞ்சம் பழி ஈ-பிளஸ் மேல் விழ வேண்டும்.

இப்போது மணல். இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஷேக் முகமது பின் சாயித் ரோட்டில் நூறில் போவதும் அல் பதாயரில் மணல்மேடு ஏறுவதும் இன்ஜினுக்கு ஒன்றே இல்லை. ரோட்டில் நூறில் போகும்போது 510 குதிரையில் சொற்பம்தான் வேலை செய்கிறது. எதிர்க்காற்று ரேடியேட்டரையும் சார்ஜ் கூலரையும் குளிர்விக்கிறது. மணலில் இரண்டும் தலைகீழ். டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, மேட்டின் அடிவாரத்தில் ஒரே மிதி. இன்ஜின் முழுச் சுமையில் இருக்கிறது, வண்டியோ இருபது, முப்பதில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். முன்னால் மேடு ஏறிய வண்டி கிளப்பிய புழுதி வேறு. சூப்பர்சார்ஜர் அமுக்கும்போதே காற்று சூடாகும். அதைத் தணிக்கத் தண்ணீரால் ஓடும் சார்ஜ் கூலர் இருக்கிறது, ஆனால் அந்தத் தண்ணீர் குளிர வேண்டுமானால் முன்னால் காற்று வீச வேண்டுமே. ஊர்ந்து போகும் வண்டிக்கு ஏது காற்று? ஐந்தாறு மேடு தொடர்ந்து ஏறினால் உள்ளே போகும் காற்றின் சூடு ஏறிக்கொண்டே போகும்.

நாக்கிங்கைத் தூண்டிவிடுபவர்கள் மூன்று பேர்: அதிகச் சுமை, குறைந்த சுற்று, சூடான காற்று. மணலில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். அமெரிக்க 91 என்பது இங்கே 95, 96 என்றேன் அல்லவா? அதாவது ஸ்பெஷல் 95 உங்கள் வண்டிக்குத் தரை. அதற்குக் கீழே போகக் கூடாது, மேலே கூடுதலாக இடமும் இல்லை. ரோட்டில் அது போதும். ஆகஸ்ட் மாதத்து மணலில் அந்த இடைவெளி வேண்டும் என்பதால்தான் 98 சொல்கிறேன். குளிர்காலத்தில், டிசம்பர், ஜனவரியில், காலை நேரத்தில் கொஞ்சம் விளையாடிவிட்டு வருவதென்றால் 95 போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பெட்ரோலைத் தவிர ஓட்டும் முறையிலும் பாதிக்கு மேல் இருக்கிறது. மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் லோ ரேஞ்ச் கியர் இருந்தால் போடுங்கள். இன்ஜின் குறைந்த சுற்றில் திணறாமல் மேல் சுற்றில் ஓடும். அப்படி ஓடினால் கலவைக்குத் தானாக வெடிக்க நேரம் கிடைக்காது. ஒரு மேடு ஏறி இறங்கியதும் வண்டியை நிறுத்தி உடனே ஆஃப் செய்யாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். மற்றவர்கள் டீ குடிக்கும் நேரம் இன்ஜினும் மூச்சு வாங்கட்டும்.

காசு எவ்வளவு என்று பார்ப்போம். 2015 ஆகஸ்ட்டில் இருந்து எமிரேட்ஸில் விலை மாதாமாதம் மாறுகிறது, ஆனால் மூன்று வகைகளுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் பெரிதாக அசைவதில்லை. 2024 ஜனவரியில் சூப்பர் 98 லிட்டர் 2.82 திர்ஹம், ஸ்பெஷல் 95 2.71, ஈ-பிளஸ் 2.64. விலை உச்சத்தில் இருந்த 2022 ஜூலையில் 4.63, 4.52, 4.44. இரண்டு சமயமும் சூப்பருக்கும் ஸ்பெஷலுக்கும் நடுவில் 11 ஃபில்ஸ்தான். உங்கள் டேங்க் 105 லிட்டர். ஈ-பிளஸிலிருந்து ஸ்பெஷலுக்கு மாறினால் டேங்க்குக்கு ஏழு திர்ஹம் சொச்சம் கூடும். ஸ்பெஷலிலிருந்து சூப்பருக்குப் பதினொன்றரை. பங்க்கில் இருக்கும் கடையில் வாங்கும் ஒரு காபிக்கு அந்தக் காசு சரியாகப் போகும். இதை மிச்சம் பிடிப்பதற்காக இந்த இன்ஜினைப் பணயம் வைப்பது எனக்குப் புரியவில்லை. சனையாவில், அதாவது கராஜ்கள் இருக்கும் தொழிற்பேட்டையில், இந்த வி8-ஐப் பிரிக்கச் சொல்லி விலை கேட்டுப் பாருங்கள், அப்புறம் ஃபில்ஸ் பற்றிப் பேச மாட்டீர்கள்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வண்டியை யாராவது டியூன் செய்திருக்கிறார்களா, அதாவது கூடுதல் சக்திக்காக ஈசியூவின் மென்பொருளை மாற்றியிருக்கிறார்களா? எங்கள் கராஜுக்கு நாலைந்து வருடம் முன்பு ஒருவர் அமெரிக்க இறக்குமதி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வண்டியின் பெயர் வேண்டாம். அவர் ஒழுங்காக 95 போட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். லிவா பாலைவனத்தில் தொடர்ந்து இரண்டு நாள் மணல். திரும்பி வரும்போது செக் லைட், ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவினது போல மின்னும் புள்ளிகள். அது பிஸ்டனின் அலுமினியம். நாக்கிங் அடித்துச் சுரண்டியதில் பிளக்கில் ஒட்டியிருக்கிறது. ஈசியூவைப் படித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் பழைய உரிமையாளர் 93-க்கு, அதாவது நம் 98-க்கு, டியூன் போட்டு வைத்திருக்கிறார். வாங்கியவருக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. மனுஷன் தன் பக்கம் ஒரு தப்பும் செய்யாமல் இன்ஜின் செலவு பார்த்தார்.

ஆகவே ஒரு நல்ல ஸ்கேனர் உள்ள கராஜில் கொடுத்து, ஈசியூவில் இருக்கும் மென்பொருள் வண்டித் தயாரிப்பாளர் கொடுத்ததுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். டியூன் இருந்தால் இரண்டு வழி: பழையபடி மாற்றுங்கள், இல்லையென்றால் என்றைக்கும் 98 மட்டும். மூன்றாவது வழி கிடையாது. அதே சமயம் எட்டுப் பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாத ஈ-பிளஸ் ஏதாவது தடம் விட்டிருந்தால் அங்கே தெரியும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன், நாக் சென்சார் தன் வேலையைச் செய்திருக்கும். பார்த்துவிட்டால் நிம்மதி.

இப்போது டேங்க்கில் பாதி ஈ-பிளஸ் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதைக் கொட்ட வேண்டாம். மீதிப் பாதியை 98-ஆல் நிரப்புங்கள். கலந்தால் சராசரி ஏறக்குறைய 94 அல்லது 95-க்கு வந்துவிடும். அந்த டேங்க் தீரும்வரை மணல் வேண்டாம், முழு மிதி வேண்டாம். அவ்வளவே.

பங்க் கடைகளில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். '30 பாயிண்ட் உயர்த்தும்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆக்டேன் எண். முப்பது பாயிண்ட் என்றால் 91 வெறும் 94 ஆகும், அதுவும் சின்ன டேங்க்கில். 105 லிட்டரில் அதுவும் கரைந்துபோகும். சில பாட்டில்களில் இருக்கும் மாங்கனீசு, இரும்புச் சேர்மங்கள் பிளக்கில் படியவும் செய்யும். பாட்டில் காசுக்கு 98-ஐயே போட்டுவிட்டுப் போகலாம்.

ஓமன், சவூதி பக்கம் போகும் ஆசை இருக்கிறது என்றீர்கள். ஓமனில் பம்பில் எம் 91, எம் 95 என்று இருக்கும். இதுவும் நம் கணக்குதான், எனவே எம் 95 கேளுங்கள். எம் 98-உம் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் எதிர்பார்க்க வேண்டாம். மலைக்கும் பாலைக்கும் உள்ளே போகும்முன் ஊருக்குள்ளேயே டேங்க்கை நிரப்பிக்கொள்வது என் வழக்கம். உள்ளே இருக்கும் சின்ன பங்க்கில் 91 மட்டும் இருந்து, டேங்க்கும் காலியாக இருந்தால் வேறு வழியே இருக்காது. ஜபல் அக்தருக்குப் போவீர்கள். அங்கே நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை அடிவாரத்துப் போலீஸ் சாவடியே திருப்பி அனுப்பிவிடும். மேலே சைக் பீடபூமி 2,000 மீட்டர் உயரம். உயரத்தில் காற்று மெலிவதால் ஆக்டேன் தேவை குறையும் என்பது உண்மை. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பக்கம் அந்தக் காரணத்தால் 85-ஐ விற்கிறார்கள். ஆனால் அதை நம்பி 91 போட வேண்டாம். டர்போ வண்டி மெலிந்த காற்றையும் ஈடுகட்டிவிடும், சுமை குறையாது. உங்கள் சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுவதால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அந்த மலைச்சாலையின் செங்குத்தான ஏற்றம் அடிவாரத்தில் இருந்தே தொடங்குகிறதே. காற்று மெலிவதற்கு முன்னாலேயே இன்ஜின் மூச்சு முட்டிவிடும்.

சவூதியில் பச்சை 91, சிவப்பு 95. ஊழியர் "வாஹித் வ திஸ்ஈன்?" என்று கேட்டபடியே 91 நாசிலைத் தூக்கிவிடுவார். நீங்கள் இறங்கி நின்று சிவப்பைக் காட்டுங்கள். அங்கே 98 சமீபத்தில்தான் வந்தது, பெரிய நகரங்களில் தேடினால் கிடைக்கும். இங்கே ஷார்ஜாவிலும் "ஸ்பெஷலா, சூப்பரா?" என்று ஒரு மலையாளிப் பையன் கேட்பான். ஜன்னலை இறக்காமலேயே தலையாட்டிவிட்டுப் போனில் மூழ்காதீர்கள். எதைத் தூக்குகிறான் என்று ஒரு கண் பாருங்கள். டீசல் நாசில் தவறிப் போன கதையும் நடந்திருக்கிறது. அப்படி நடந்தால் ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

நண்பர்களின் வண்டிகளுக்கும் சேர்த்துக் கேட்டதால் இரண்டு வரி. ஜிசிசி நிசான் பட்ரோலின் 5.6 லிட்டர் வி8-இல் டர்போ இல்லை. அந்தப் பட்ரோலுக்கு 95 பெட்ரோல் போதும், அதன் 140 லிட்டர் இரட்டை டேங்க்கை 98-ஆல் நிரப்புவது பெருமைக்குத்தான். மெர்சிடிஸ் ஜி63 வைத்திருப்பவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 4.0 லிட்டரில் இரண்டு டர்போ வைத்து 585 குதிரை எடுக்கும் இன்ஜின், ஐரோப்பாவிலேயே 98 கேட்கிறது, இந்த வெயிலில் கேட்காமல் இருக்குமா? பழைய லேண்ட் குரூசர் வி6 வைத்திருக்கும் உங்கள் மச்சான், மூடியில் ஜிசிசி கணக்கில் 91 என்று இருந்தால் ஈ-பிளஸையே நிம்மதியாகப் போடட்டும். அந்த நிதான இன்ஜினுக்கு அதுவே தாராளம்.

கடைசியாக ஒரு வேலை. நூறு திர்ஹத்துக்குள் கிடைக்கும் ஒரு ஓபிடி கருவியை, அதாவது ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் கருவியை, வண்டியில் செருகி, போனில் இன்டேக் காற்றின் சூட்டையும் ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக விழுகிறது என்ற ஸ்பார்க் அட்வான்ஸையும் பார்க்க வையுங்கள். அடுத்த வாரம் 98 போட்டு அதே மேட்டில் ஏறும்போது பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அந்த எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம், உங்கள் கண் மேட்டின் உச்சியில் இருக்கட்டும், அந்தப் பக்கம் இறக்கம் எப்படி என்று தெரியாது. அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், பிளக் படங்களோடு சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.